மருமகனே, மணி அடிச்சா எடுக்காதேயும்

வாரும் மருமகனே, இப்படித் திண்ணையில இரும். அமெரிக்காவுக்கு டிக்கெட் போட்டாச்சுன்னு டீக்கடையில சொன்னாங்க, பால்காரர் சொன்னாரு, ரேஷன் கடையில எடை போடுற பையன் சொன்னான். நீரு மட்டுந்தான் இன்னும் எங்கிட்டச் சொல்லலை. எங்கக்கா மகன், என் மகளைக் கட்டுனவரு, ரெண்டு வழியிலயும் மருமகன். முறைப்படி முதல் தகவல் எனக்குத்தான் வந்திருக்கணும். போகட்டும், கடைசியாவாவது வந்தீரே.

பேத்தி பிரசவத்துக்கு நியூஜெர்சியில ஆறு மாசம். சாம்பார்பொடி இடிச்சாச்சு, வசம்பு சுட்டாச்சு, பிள்ளைக்கு இடுப்புக்கொடி செஞ்சாச்சு. குளிருக்குக் குரங்குக்குல்லா கூட வாங்கியாச்சுன்னு என் மக சொன்னா. எல்லாம் சரி. உம்ம போனுக்கு வர்ற தகவலை அங்கேயிருந்து எப்படிவே பாப்பீருன்னு கேட்டா, 'அதான் ரோமிங் இருக்கே மாமா'ன்னு ஒரு சிரிப்பு சிரிக்கீரு. அந்தச் சிரிப்பைப் பாத்துத்தான் உம்மை உக்கார வச்சேன்.

எனக்குப் போனைப் பத்தி என்ன தெரியும்னு உமக்கு நெனைப்பு. நான் டிரங்க் கால் காலத்து ஆளுவே. போஸ்டாபீஸ்ல போய்ப் பதிஞ்சுட்டு, பெஞ்சுல உக்காந்திருக்கணும். ஆர்டினரின்னு ஒண்ணு, அர்ஜெண்டுன்னு ஒண்ணு, லைட்னிங்னு ஒண்ணு. லைட்னிங்குக்குக் காசு பல மடங்கு. அதைப் பதியிறவன் ஒண்ணு பருத்தி வியாபாரியா இருக்கணும், இல்ல வீட்டுல யாரோ போயிருக்கணும். 1960லயே லக்னோவுக்கும் கான்பூருக்கும் நடுவுல ஆள் வைக்காம நேரா நம்பர் சுத்துற எஸ்.டி.டி. வந்துட்டுது. நம்ம கரிசக்காட்டுக்கு அது வந்து சேர எத்தனையோ பொங்கல் கழிஞ்சுது. மஞ்சப் பெட்டி எஸ்.டி.டி. பூத் வந்தப்போ, ராத்திரி கட்டணம் குறையிற நேரம் பாத்து வரிசையில நின்னவன் நான். மீட்டர்ல செவப்பு எழுத்துல காசு ஓடும். பேசுறவன் கண்ணு அதுமேலதான் இருக்கும். பேச்சு எங்கே இருக்கும்? அதனால செலவு விஷயத்துல எனக்குப் பாடம் எடுக்காதேயும்.

நான் சொல்லப்போறது ஒரே ஒரு சங்கதி. அந்த ஊருக்குப் போனதும் மணி அடிச்சா எடுக்காதேயும். எழுத்து வந்தா பாரும். அவ்வளவுதான் ரோமிங் சாஸ்திரம். மத்ததெல்லாம் இதுக்கு வியாக்கியானம்.

நம்ம ஊர் சிம்மைப் போட்டுக்கிட்டு வெளிநாட்டுல இருக்கறப்போ, வர்ற எஸ்.எம்.எஸ்.ஸுக்கு நம்ம கம்பெனிகள் பெரும்பாலும் காசு கேக்கறதில்ல. வர்ற போனை எடுத்தா மட்டும் கேக்கும். இங்கே கூப்பிடுறவனுக்கு நீரு ஆத்தூர்ல இருக்கீரா அமெரிக்காவுல இருக்கீரான்னு தெரியாது. அவன் உள்ளூர்க் காசுதான் கொடுப்பான். கடல் தாண்டுன மிச்சத் தூரத்துக்குக் கூலி உம்ம தலையில. கிரெடிட் கார்டு வேணுமா சார்னு கேக்கறதுக்கு ஒரு பிள்ளை கூப்பிடும் பாரும், அதை எடுத்து 'வேண்டாம்மா, நான் அமெரிக்காவுல இருக்கேன்'னு பெருமையாச் சொல்லுவீரு. அந்தப் பெருமைக்கு நிமிஷக் கணக்குல விலை உண்டு.

நமக்கு இது புதுசு ஒண்ணும் இல்ல. 2003 மே மாசம் வரைக்கும் இந்த ஊருக்குள்ளேயே செல்லுல வர்ற காலை எடுத்தா காசு. அப்போ செல்லு வச்சிருந்த நெல் மண்டிக்காரர் மணி அடிச்சா எடுக்கமாட்டாரு. நம்பரைப் பாத்துட்டு, பூத்துக்கு வந்து திருப்பிப் போடுவாரு. செல்லு இடுப்புல, பேச்சு பூத்துல. அதுலதான் இந்த நாடே மிஸ்டு கால் கொடுக்கப் படிச்சுது. பஸ் ஏறிட்டேன்னா ஒரு மிஸ்டு கால், இறங்கிட்டேன்னா ரெண்டு. கம்பெனிக்காரனுக்கு ஒரு பைசா கொடுக்காம குடும்பமே நடத்தியிருக்கோம். உமக்குக் கைநிறையச் சம்பளம் வந்ததுல அந்த வித்தை மறந்துபோச்சு.

பேத்தி ஒரு யோசனை சொன்னாளாமே, வீட்டு லேண்ட்லைனுக்கு ஆன்சரிங் மெஷின் வாங்கி வச்சிரலாம், அங்கேயிருந்து கூப்பிட்டுக் கேட்டுக்கலாம்னு. படிச்ச பிள்ளை. ஆனா அந்த மெஷினைப் பத்தித் தூத்துக்குடிக் கப்பல்காரர் ஒருத்தர் எனக்கு எப்பவோ சொல்லியிருக்காரு. வெள்ளைக்காரன் வெளியூர் போனா, சொந்த வீட்டுக்குத் தானே போன் போடுவானாம். மெஷின் எடுக்கும். ரகசிய நம்பரை அமுக்குனா, வந்த தகவலையெல்லாம் பாடிக் காட்டும். அதுல டோல் சேவர்னு ஒரு விசை உண்டு. புதுத் தகவல் ஏதாவது வந்திருந்தா ரெண்டாவது மணியிலயே எடுத்துரும். ஒண்ணும் வரலைன்னா நாலாவது மணி வரைக்கும் எடுக்காது. அதனால வெளியூர்ல இருக்கறவன் மூணாவது மணி கேட்டதும் 'ஒண்ணுமில்ல'ன்னு புரிஞ்சுக்கிட்டு வச்சிருவான். கால் எடுக்கலை, காசும் இல்ல. வே, நம்ம மிஸ்டு காலை மெஷினுக்குச் சொல்லிக் கொடுத்து, பெட்டியில அடைச்சு வித்திருக்கான். நாம ஓசியில பண்ணுனோம்.

மெஷின் வாங்குறதுன்னா வாங்கும். ஆனா எங்கக்காவைத் தெரியும்ல? அந்த மெஷின் 'பீப்'னு கத்துனதும் சுவிட்சைப் பிடுங்கிருவா. போன தடவ கரண்ட் போனா கத்துற இன்வெர்ட்டருக்கு நேர்ந்த கதி உமக்கு ஞாபகம் இருக்கும்.

அடுத்து உம்ம யோசனை. 'சிம்மைக் கழட்டி மாமாகிட்டக் கொடுத்துட்டுப் போறேன், ஓடிபி வந்தா வாசிச்சுச் சொல்லட்டும்'னு நேத்து என் மககிட்டச் சொன்னீராமே. ரொம்ப சந்தோஷம். உம்ம பென்ஷன், உம்ம டெபாசிட், பத்திரம் வச்ச கடன் எல்லாத்துக்கும் சாவி எங்கிட்ட. இந்த வயசுல எனக்கும் ஒரு வாழ்வு வந்துட்டுதேன்னு ராத்திரி தூக்கமே வரலை. ஆனா நடக்கப்போறதைச் சொல்லுதேன் கேளும். ஓடிபி சில நிமிஷந்தான் உயிரோட இருக்கும். நான் கண்ணாடியைத் தேடணும். எடுத்துப் போட்டு வாசிச்சா ஆறு எட்டாத் தெரியும். வாட்ஸ்அப்ல உம்மைப் பிடிச்சு நம்பரைச் சொல்லி முடிக்கறதுக்குள்ள அது செத்துரும். அடுத்தது வரும். அதுவும் சாகும். மூணாவது தடவ தப்பாப் போட்டா பேங்க்காரன் உம்ம கணக்கையே பூட்டிருவான். அதுபோக, யாரு கேட்டாலும் ஓடிபியைச் சொல்லாதேன்னு பேங்க்காரன் தெனமும் கத்துதான். நீரு அதைச் சொல்றதுக்குன்னே ஒரு கிழவனை வேலைக்கு வைக்கீரு.

சிம் உம்மகூடவே வரட்டும். இப்போ பெரும்பாலான போன்ல ரெண்டு சிம் போடலாம். ஒரு பக்கம் கோவில்பட்டி சிம். அதுல டேட்டா ரோமிங்கை அணைச்சு வையும், மறந்தும் திறக்காதேயும். அதுபாட்டுக்கு எழுத்தை மட்டும் வாங்கிப் போட்டுக்கிட்டு இருக்கட்டும். இன்னொரு பக்கம் அந்த ஊர் சிம், பேச்சுக்கும் டேட்டாவுக்கும். புது சிம் போட்டதும் வாட்ஸ்அப் 'நம்பரை மாத்தவா'ன்னு கேக்கும். மாத்தாதேயும். மாத்துனா நம்ம சாதிசனம் எல்லாருக்கும் நீரு புது ஆளு; அறுபத்தஞ்சு குரூப்புலயும் உமக்கு மறுபடி அறிமுகம் நடக்கும். பழைய நம்பர்லயே ஓடட்டும், அது எந்த சிம் டேட்டாவுலயும் ஓடும். புறப்படறதுக்கு முன்னால நம்ம சிம்முல ரோமிங் வசதியே திறந்திருக்கான்னு கம்பெனிக் கடையில கேட்டுக்கிடும். மூடியிருந்தா எழுத்தும் வராது, அங்கே போய் நின்னுக்கிட்டு இங்கே திறக்கச் சொல்றதுக்கும் ஒரு ஓடிபி கேப்பான்.

பேத்தி ஆசையா ஒரு ஐபோன் வாங்கித் தருவா. வாங்கிக்கிடும், தாத்தாவுக்கும் ஒண்ணு கேட்டுப் பாரும். ஆனா அந்த நாட்டுல விக்கிற ஐபோன்ல 2022ல வந்த பதினாலாம் நம்பர்லருந்து சிம் போடற ஓட்டையே கிடையாது. எல்லாம் இ-சிம். கோவில்பட்டி சிம்மைக் கையில வச்சுக்கிட்டு, எங்கே நுழைக்கறதுன்னு போனைத் திருப்பித் திருப்பிப் பாப்பீரு. பழைய போனைத் தூக்கிப் போட்டுராதேயும். அது ஒரு மூலையில சார்ஜ்ல கிடந்து எழுத்து வாங்கட்டும்.

பழைய போன்னா என் பட்டன் போனைக் கேக்காதேயும். அது இங்கேதான் ராஜா. அமெரிக்காவுல 2022லயே 3ஜியை மூடிட்டாங்க, சிங்கப்பூர்ல 2ஜியை 2017லயே மூடிட்டாங்க. ஜப்பான்ல நம்ம ஜிஎஸ்எம் எந்தக் காலத்துலயும் இருந்ததே இல்ல. நம்ம ஆளுக நிறையப் பேரு 'பேட்டரி நாலு நாள் நிக்கும்'னு பட்டன் போனைப் பையில போட்டுக்கிட்டுப் போவாங்க. நிக்கும். சிக்னல்தான் நிக்காது.

இன்னொண்ணு, சிம்மை விமானத்துல மாத்தாதேயும். நான் பாத்திருக்கேன்னு சொல்லமாட்டேன், நான் விமானமே ஏறுனதில்ல. ஆனா உம்ம கை நடுங்கறதை ரம்மி ஆடறப்போ பாத்திருக்கேன். என் மக கம்மலைக் கழட்டி அந்தக் குத்துற ஓட்டையில குத்துவீரு, தட்டு வெளிய வரும், சிம் துள்ளும், சீட்டுக்கு அடியில போயிரும். முப்பதாயிரம் அடி ஒசரத்துல நீரு முழங்கால் போட்டுத் தேடறதைப் பாத்து, சாமி கும்பிடுதாருன்னு பக்கத்து வெள்ளைக்காரன் ஒதுங்கி உக்காருவான். கழட்டித்தான் ஆகணும்னா சிம்மைப் பாஸ்போர்ட் உள்ளட்டையில டேப் போட்டு ஒட்டும். அது தொலைஞ்சா நீரும் தொலைஞ்சீருன்னு அர்த்தம், சேந்தே இருக்கட்டும்.

கால் ஃபார்வர்டு போட்டுட்டுப் போறேன்னும் சொன்னீராம். இங்கே கொஞ்சம் கவனிச்சுக் கேளும்வே, இதுலதான் விவரம் தெரிஞ்சவனும் காசைத் தொலைக்கான். ஃபார்வர்டு ரெண்டு வகை. ஒண்ணு, எந்த காலா இருந்தாலும் நேரா அடுத்த நம்பருக்குத் தள்ளிவிடறது. இன்னொண்ணு, நீரு எடுக்கலைன்னா மட்டும் தள்ளிவிடறது. ரெண்டாவதுதான் மரியாதையாத் தெரியும், அதைத்தான் எல்லாரும் போடுவாங்க. என்ன நடக்கும்? சங்கரன்கோவில்லருந்து ஒருத்தன் கூப்பிடுதான். கால் கடல் தாண்டி நியூஜெர்சிக்குப் போகுது. உம்ம போன் அடிக்குது, நீரு நான் சொன்னபடி எடுக்கலை. உடனே அது அங்கேயிருந்து கிளம்பித் திரும்பவும் கடல் தாண்டி, உம்ம தம்பி நம்பருக்குக் கோவில்பட்டி வருது. எட்டயபுரம் போறவன் மெட்ராஸ் போய்ச் சுத்தி வந்த கணக்கு. போன தூரத்துக்கு ஒரு கூலி, வந்த தூரத்துக்கு ஒரு கூலி, ரெண்டும் உம்மகிட்ட. எடுக்காத காலுக்கு ரெட்டைக் கட்டணம்! வாய்ஸ்மெயில் வச்சிருக்கறவங்களுக்கும் இதே கதிதான். ஐரோப்பாவுல இப்படி ஊரூராப் போனவங்க எல்லாம் கத்திக் கத்தி, கடைசியில 2010 ஜூலையிலருந்து அவங்க நாடுகளுக்குள்ள வாய்ஸ்மெயில் வந்து விழறதுக்குக் காசு வாங்கக்கூடாதுன்னு சட்டமே போட்டாங்க. நமக்கு அந்தச் சட்டம் இல்ல.

முழுசாத் தள்ளிவிடற முதல் வகையைப் போட்டா, கால் நம்ம ஊர் எக்ஸ்சேஞ்சுலயே திரும்பிரும், கடல் பாக்காது. விமானம் ஏறறதுக்கு முன்னாலேயே போட்டுரும், போன் செட்டிங்ஸ்லயே இருக்கு. ஆனா பேச்சுத்தான் தள்ளப்படும், எழுத்து தள்ளப்படாது. எஸ்.எம்.எஸ். சிம் எங்கே இருக்கோ அங்கேதான் போய் நிக்கும். அதனால நீரு பயப்படவேண்டாம், உம்ம தம்பிக்கு உம்ம பேங்க் கணக்கு தெரியாது. தம்பி காசு வாங்கத்தான் கூப்பிடுவாருன்னு எனக்கும் தெரியும், பேச்சை விடும்.

ஃபார்வர்டுன்னதும் ஞாபகம் வருது. எவனாவது 'கூரியர்லருந்து பேசறேன், பார்சல் நிக்குது, *401* போட்டு இந்த நம்பரை அமுக்குங்க'ன்னு சொன்னா அமுக்கிராதேயும். அமுக்குனா உம்ம காலெல்லாம் அவனுக்குப் போயிரும். ஓடிபியைப் பேசிச் சொல்ற காலும் சேத்து. நிறையப் பேரு ஏமாந்து, அந்த வழியையே 2024 ஏப்ரல் 15லருந்து நிறுத்தி வைக்கச் சொல்லி டெலிகாம் துறை கம்பெனிகளுக்கு எழுதுச்சு. திருடன் வேற வழி பாப்பான், அவனுக்கு வேலை அதானே.

வாய்ஸ்மெயில்ல என்ன வந்துரப்போகுதுன்னு நெனைக்காதேயும். லண்டன்ல 'நியூஸ் ஆஃப் த வேர்ல்ட்'னு ஒரு பத்திரிகை, 168 வருஷம் ஓடுனது. 2005ல அதுல இளவரசர் வில்லியமுக்கு முழங்கால்ல அடின்னு ஒரு துணுக்கு வந்துச்சு. அரண்மனைக்குள்ள இருக்கறவங்களுக்கு மட்டும் தெரிஞ்ச சங்கதி. எப்படி வெளிய போச்சுன்னு தேடுனா, அந்தப் பத்திரிகையாளு அரண்மனைக்காரங்க வாய்ஸ்மெயிலைக் கேட்டுக்கிட்டு இருந்திருக்கான். எப்படிக் கேட்டான்? வெளியூர் போறவங்க எங்கேயிருந்தும் தன் வாய்ஸ்மெயிலைக் கேக்கறதுக்குன்னு கம்பெனி ஒரு கொல்லைக் கதவு வச்சிருந்துச்சு. அதுக்குப் பூட்டு, கம்பெனி கொடுத்த நாலு எண்ணு. அதை நிறையப் பேரு மாத்தவே இல்ல. அவன் எண்ணை அமுக்குனான், உள்ள போயிட்டான். 2007ல ஜெயிலுக்கும் போனான். அப்புறம் தோண்டத் தோண்ட, காணாமப் போய்க் கொலையான ஒரு சின்னப் பிள்ளையோட போனைக்கூட விட்டு வைக்கலைன்னு தெரிஞ்சு நாடே காறித் துப்பி, 2011 ஜூலையில பத்திரிகையையே மூடுனாங்க. ஊருக்குப் போறவன் வசதிக்கு வச்ச கதவுவே அது.

உம்ம வாட்ஸ்அப் ஓடற நம்பர்ல வாய்ஸ்மெயில் இருந்தா இன்னும் கவனம். வாட்ஸ்அப் திறக்கறதுக்கான குறியீட்டைப் போன் பண்ணிச் சொல்லச் சொல்லலாம்ல, அதை நீரு தூங்கற நேரம் பாத்து எவனாவது கேட்டான்னா, எடுக்க ஆளில்லாம வாய்ஸ்மெயில்ல போய் விழும். பூட்டு 0000னு இருந்தா அவன் அதைக் கேட்டுட்டு உம்ம வாட்ஸ்அப்பைத் தூக்கிட்டுப் போயிருவான். பின் நம்பரை மாத்தும். வாட்ஸ்அப்லயும் ரெண்டாவது பூட்டு ஒண்ணு இருக்கு, ஆறு எண்ணு, அதைப் போட்டு வையும். உம்ம பிறந்த வருஷத்தைப் போடாதேயும். உம்ம பீரோ, உம்ம ஏடிஎம், உம்ம சூட்கேசு எல்லாத்துக்கும் அதுதான்னு ஊருக்கே தெரியும்.

இப்போ கேஸ் சங்கதிக்கு வாறேன். சிலிண்டர் கொண்டாந்து இறக்கறவன் குறியீடு கேப்பான்ல, அது பதிஞ்ச நம்பருக்குத்தான் வரும். காலையில பதினொரு மணிக்கு எங்கக்கா வாசல்ல அவன் சிலிண்டரை உருட்டிக்கிட்டு வந்து 'ஆச்சி, நம்பர் சொல்லுங்க'ம்பான். அப்போ நியூஜெர்சியில நடுராத்திரி ஒண்ணரை. உம்ம போன் தலைமாட்டுல 'டிங்'னு ஒரு சத்தம் போட்டுட்டுப் படுத்துக்கிடும். நீரு குறட்டை. அக்காவுக்குத் தெரிஞ்ச ஒரே நம்பர் உம்ம பிறந்த நட்சத்திரம். அதைச் சொல்லுவா. அவன் சிலிண்டரைத் திருப்பித் தூக்கிட்டுப் போயிருவான், இவ சாயங்காலம் வரைக்கும் என் வாசல்ல நின்னு உம்மைத் திட்டுவா. திட்டு வாங்குறது நான். அதனால ஏறறதுக்கு முன்னால கேஸ் ஏஜென்சியில போய் நம்பரை மட்டும் உம்ம தம்பி நம்பருக்கு மாத்தும். பேங்க் நம்பரை மாத்தாதேயும். பேங்க்ல, ஓடிபியை ஈமெயிலுக்கும் அனுப்ப முடியுமான்னு கிளையில கேட்டுப் பாரும்; சில பேங்க்ல செஞ்சு தாறாங்க.

ரேஷன் கார்டுல இருக்கற போன் நம்பர் இருந்தபடி இருக்கட்டும். சாமான் வாங்குனதும் எஸ்.எம்.எஸ். வரும். துவரம்பருப்பு ஒரு கிலோ, பாமாயில் ஒரு லிட்டர்னு அமெரிக்காவுல பனியில நிக்கறப்போ உம்ம போன்ல வந்து விழும். அம்மா நடமாட்டமா இருக்கான்னு தெரிஞ்சுக்கறதுக்கு இதைவிட நம்பிக்கையான தகவல் கிடையாது. போன்ல கேட்டா 'நல்லா இருக்கேன்யா'ம்பா. கைரேகை வச்சுப் பாமாயில் வாங்கியிருக்கான்னா நெசமாவே நல்லா இருக்கா.

ஆறு மாசந்தானேன்னு ரீசார்ஜை நிறுத்திராதேயும். ப்ரீபெய்டு சிம்மை 90 நாள் ஒண்ணுக்குமே தொடாம வச்சா அதைப் பிடுங்கிக்க கம்பெனிக்கு அனுமதி உண்டு. 20 ரூபா இருப்பு இருந்தா வச்சுக்கிடலாம்னு 2013லயே டிராய் விதி போட்டிருக்கு. ஆனா திட்டத்தோட நாள் முடிஞ்சா எழுத்து வரத்து நின்னுரும், விதியைக் காட்டி ஓடிபி வாங்க முடியாது. நீண்ட நாள் திட்டமாப் பாத்து இங்கேயே போட்டுட்டுப் போம். பிடுங்குன நம்பர் கொஞ்ச காலம் சும்மா கிடந்துட்டு வேற எவனுக்கோ போகும். ஓசூர்ல எவனோ ஒரு பையன் கையில உம்ம பென்ஷன் வந்த தகவல் மாசாமாசம் விழும். பாவம், அவனும் எம்புட்டுதான் சிரிப்பான்.

வழியில துபாய்ல விமானம் மாறுவீரு. அங்கே வாட்ஸ்அப்ல எழுத்து போகும், பேச்சு போகாது; போன் கெட்டுப்போச்சுன்னு தரையில தட்டாதேயும். சிவகாசிக்காரர் ஒருத்தர் அச்சு மெஷின் பாக்கச் சீனாவுக்குப் போனாரு. அங்கே ஹோட்டல் வைஃபைல வாட்ஸ்அப் திறக்கவே இல்ல, நம்ம சிம்முல ரோமிங் டேட்டா போட்டதும் ஓடுச்சு. ரோமிங் டேட்டா நம்ம கம்பெனி வீட்டுக்கு வந்துட்டுத்தான் உலகத்துக்குப் போகுமாம். அவரு அதைக் கண்டுபிடிச்சது ஊருக்குத் திரும்புற அன்னிக்கு.

நான் விளையாட்டில்லாமச் சொல்றது ஒண்ணு இருக்கு. நீரு ஊர்ல இல்லைங்கற சேதி பால்காரர் வரைக்கும் போயிருச்சுன்னா திருடனுக்கும் போயிரும். 'உங்க மகன் அமெரிக்காவுல போலீஸ்ல மாட்டிக்கிட்டாரு, உடனே பணம் அனுப்புங்க'ன்னு எங்கக்காவுக்கு லேண்ட்லைன்ல போன் வரும். போலீஸ் உடுப்புல வீடியோவுலயே வருதானுக. குரலைக்கூட உம்ம குரலாவே செய்யறானுகளாம். அதனால உமக்கும் அக்காவுக்கும் நடுவுல ஒரு கேள்வி வச்சுக்கிடும். நம்ம செவலைக் காளை யாரை முட்டுச்சு? அதுக்குப் பதில் வீட்டுக்காரங்களுக்கு மட்டுந்தான் தெரியும். முட்டு வாங்குனது உம்ம அப்பாங்கறதால அவரு வெளிய சொல்லலை. பதில் தெரியாதவன் எவனா இருந்தாலும் போனை வச்சிரச் சொல்லும். காசு போயிட்டா 1930க்கு உடனே கூப்பிடணும்னு காலண்டர்ல பெருசா எழுதி ஒட்டியிருக்கேன். முன்பின் தெரியாத நாட்டு நம்பர்லருந்து ஒரே ஒரு மணி அடிச்சு நின்னா நீரும் திருப்பிக் கூப்பிடாதேயும். அது மிஸ்டு கால் இல்ல, தூண்டில்.

நல்லது கெட்டது சொல்றதுக்கும் ஒரு ஏற்பாடு வேணும். முன்னே தந்தி இருந்துச்சு. 'சீரியஸ், உடனே புறப்படவும்'னு வந்தா ஆள் போயாச்சுன்னு அர்த்தம், படிக்கறதுக்கு முன்னாலேயே வீட்டுல அழ ஆரம்பிச்சிருவாங்க. அதையும் 2013 ஜூலையில நிறுத்திட்டாங்க. இப்போ எல்லாரும் 'ஒண்ணுமில்ல, சும்மாதான் கூப்பிட்டேன்'னு இழுக்கறாங்க, அதுல உயிர் போயிருது. நம்ம கணக்கு இது: என் பட்டன் போன்லருந்து ஒரு எஸ்.எம்.எஸ். வந்தா, கோயில் கொடைக்கு வரி கேக்குறோம், உம்ம சவுகரியத்துக்குப் பேசும். அடுத்தடுத்து மூணு வந்தா, உடனே வாட்ஸ்அப்ல தம்பியைக் கூப்பிடும். மத்தபடி குடும்ப குரூப்புல வர்ற ரோசாப்பூ, குட்மார்னிங், வெறும் வயித்துல வெந்தயம், இதெல்லாம் ஆறு மாசம் கழிச்சு வந்து மொத்தமாப் பாத்துக்கிடலாம். வெந்தயம் எங்கேயும் போகாது. பிள்ளையை மடியில வச்சுக்கிட்டு போனை நோண்டிக்கிட்டு இருந்தீருன்னா, பேத்தி சும்மா இருப்பா; என் மக இருக்கமாட்டா.

கடைசியா, அம்மாகிட்டப் பேசணும்னா லேண்ட்லைனுக்கே போடும். பிளஸ், 91, அப்புறம் 4632ன்னு ஆரம்பிச்சு நம்பர். முன்னால இருக்கற பூஜ்யத்தைப் போட்டா போகாது. பிளஸ் வரணும்னா பூஜ்யத்தை அமுக்கிப் பிடிச்சுக்கிட்டே இருக்கணும். அங்கே காலையில ஆறரைக்குப் போட்டா இங்கே சாயங்காலம் நாலு, அக்கா காப்பி குடிச்சுட்டுச் சும்மா இருப்பா. நவம்பர் முதல் ஞாயித்துக்கிழமை அந்த ஊர்ல கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால திருகிருவாங்க; அப்புறம் அஞ்சரைக்கே எந்திரிக்கணும், எந்திரியும், பெத்தவதானே. சோம்பல்பட்டுப் பத்தரைக்குப் போடலாம்னு நெனைக்காதேயும். அப்போ இங்கே ராத்திரி எட்டு, ஒம்பது, சீரியல் நேரம். மணி அடிச்சுக்கிட்டே கிடக்கும், அவ திரும்பிக்கூடப் பாக்கமாட்டா. எடுக்கலையேன்னு பதறிப்போய் ரிட்டர்ன் டிக்கெட்டை மாத்திராதேயும், அதுக்கு ஏர்லைன்ஸ்காரன் வாங்கற அபராதம் உம்ம ரோமிங் பில்லையெல்லாம் தூக்கிச் சாப்பிட்டுரும்.